ஆமையை முந்திய குச்சி

அழைப்பு மணி அடித்தபோது மாப்பிள்ளை ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வாசலில் ஒரு பெண் நின்றாள். கையில் டிபன் கேரியர், முகத்தில் தூங்காத சோர்வு. எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரில் ஒருவர், உள்ளே வரலாமா வேண்டாமா என்பதுபோல் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, கேஸ் வந்திருக்கு."

"சிலிண்டர் நேத்துதானே மாத்தினோம்?" என்றார் அத்தை, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்த கேஸ் இல்லை அத்தை."

"தெரியும். மெதுவா இறங்கிப் போய்க் கதவைத் திறங்க மாப்பிள்ளை. ஸ்டூல்ல நின்னு குதிக்காதீங்க."

அத்தை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எரிந்துபோன கடைகளையும் நசுங்கிப்போன கார்களையும் சுற்றிச் சுற்றி வந்து, எது விபத்து, எது யாரோ பார்த்த வேலை என்று சொல்வதுதான் அவர் தொழிலாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் ஆட்கள் தேடி வந்ததால் முன்னறை அலுவலகமாயிற்று. மாப்பிள்ளைக்கு விற்பனைப் பிரதிநிதி வேலை போன சமயம் அது. மனைவி நர்ஸ், பகலில் வீட்டில் இருக்க மாட்டாள். அவர் தானாகவே உதவியாளர் ஆகிவிட்டார். சம்பளம் கிடையாது. திட்டு உண்டு, அதுவும் மரியாதையாக 'ங்க' சேர்த்து.

வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரர் குழாய்க் கேமரா ஆபரேட்டர்ங்க. ரோட்டுக்கு அடியில போற சாக்கடைக் குழாய்க்குள்ள சக்கரம் வச்ச கேமராவை அனுப்பி, எங்கே உடைஞ்சிருக்கு, எங்கே விரிஞ்சிருக்குன்னு பார்த்துச் சொல்லணும். அந்தக் குட்டி வண்டிக்கு ஆமைன்னு பேரு வச்சிருக்காங்க. போன மாசம் கடைத்தெருவுல பார்த்தப்போ, குழாயோட மேல்பக்கம் பெரிய விரிசல். ஆமை இறங்குன மேன்ஹோல்லேர்ந்து முப்பது மீட்டர் தூரத்துல. இவர் ரிப்போர்ட் குடுத்தார். ரோட்டைத் தோண்டினாங்க. அங்கே குழாய் புதுசு மாதிரி இருந்துச்சு."

"விரிசலே இல்லையா?"

"நகக்கீறல்கூட இல்லை. குழாய் போட்ட கான்ட்ராக்டருக்கும் இவருக்கும் முன்னாடியே ஆகாது. ‘என் பேரைக் கெடுக்கறதுக்கு வேற எங்கேயோ எடுத்த படத்தைச் சேர்த்துட்டான்’னு அவர் புகார் எழுதிட்டார். நாளைக்குக் காலையில விசாரணை. வேலை போறதோட நிக்காதுங்க. பொய்ப் படம் காட்டினவன்னு பேர் வந்துட்டா இனிமே எந்தக் கம்பெனியும் இவரைக் கேமரா பக்கமே விடாது. இவருக்கு வேற தொழில் தெரியாது."

"அவர் பொய்ப் படம் காட்டலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்குப் பொய் வராதுங்க. ஒரு பொய் சொன்னா மூணு விக்கல் வரும். குழம்பு நல்லாருக்குன்னு சொல்லிட்டுத் தண்ணி தேடுவார்."

அத்தையின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "அவரையும் கூப்பிடுங்க மாப்பிள்ளை. எவ்வளவு நேரம் ஸ்கூட்டருக்குக் காவல் இருப்பார்?"

கேமராக்காரர் ஒல்லியான மனிதர். எதைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேஜையில் வைத்தார். மாப்பிள்ளை அதை கம்ப்யூட்டரில் செருகினார்.

திரையில் வட்டமான இருட்டு. அதன் நடுவே ஆமையின் விளக்கு வெளிச்சம். அடியில் விரல் ஆழத்துக்கு மட்டும் தண்ணீர், ஓடுகிறதா நிற்கிறதா என்றே சொல்ல முடியாதபடி. ஓரத்தில் தூரம் காட்டும் எண் மெல்ல ஏறியது. ஒரு கிழிந்த பிளாஸ்டிக் பை, நுனியில் சிவப்புச் சாயம் ஏறிய ஓர் ஐஸ்கிரீம் குச்சி, ஒரு செருப்பு வார். ஒவ்வொன்றையும் தாண்டி ஆமை போனது. முப்பதில் நின்றது. கேமரா தலையை நிமிர்த்தியது. குழாயின் கூரையில் நீளமான கறுப்பு விரிசல். அதன் வழியே மண் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. கேமரா அதை அங்குலம் அங்குலமாக வருடியது. பிறகு மறுபடி கீழே இறங்கி முன்னால் பார்த்தது. தண்ணீரில் சிவப்பு நுனிக் குச்சி ஒன்று முன்னே மிதந்து போய்க்கொண்டிருந்தது. ஆமை கிளம்பிக் கடைசிவரை போயிற்று. வேறு விரிசல் எதுவும் இல்லை.

"வெறும் குப்பை" என்றார் மாப்பிள்ளை.

அத்தை கடைசிப் பகுதியை மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். பிறகு கேட்டார்: "விரிசலைப் பார்த்தப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

கேமராக்காரர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நெஞ்சு அடிச்சுதுங்க. மண்ணு உதிருதுன்னா மேலே ரோட்டுக்கு அடியில பள்ளம் விழுந்துட்டிருக்குன்னு அர்த்தம். கூரையை விட்டுக் கண்ணை எடுக்கலை."

"ஆமையை எப்பவும் எந்தப் பக்கத்துலேர்ந்து விடுவீங்க?"

"தாழ்வா இருக்கற மூடியிலேர்ந்து, தண்ணிக்கு எதிரா மேலே ஏத்துவோம். அப்போ சக்கரம் கலக்கற சேறு பின்னாலே போயிடும். தண்ணி போற பக்கமே விட்டா, கலங்கின சேறு கூடவே வந்து கண்ணாடியை மறைச்சிடும். கீழ் மூடியைத் திறக்க முடியலைன்னா அன்னைக்கு வேலையே கிடையாது, திரும்பி வந்துடுவோம். அதுல நான் கறார்."

"கறார்னா கறார்" என்றாள் மனைவி. "எங்க அண்ணன் இவருக்கு உதவியாளுங்க. ஒருதடவை ஏதோ மாத்திச் செஞ்சார்னு, மச்சான்னுகூடப் பார்க்காம எல்லார் முன்னாடியும் கத்திட்டார். நாலு நாள் அண்ணன் எங்க வீட்டுல சாப்பிடலை."

"அன்னைக்கு ஆமையை இறக்கினது யாரு?"

"அண்ணன்தான். பாப்பா ஸ்கூல் பஸ்ஸை விட்டுட்டா. இவர் அவளைக் கொண்டுபோய் விட்டுட்டு லேட்டாப் போனார். போறதுக்குள்ள அண்ணன் எல்லாத்தையும் தயாரா வச்சிருந்தார்."

"வேன் எப்பவும் தெரு நடுவுல, சந்து முனையில நிக்கும்" என்றார் கேமராக்காரர். "உள்ளே ஏறிக் கறுப்புத் துணியை இழுத்துவிட்டா, வெளியில என்ன நடக்குதுன்னே தெரியாது. வெளிச்சம் பட்டா திரையில விரிசல் தெரியாதுங்க."

"உங்க அண்ணன் என்ன சொல்றார்?"

"‘நான் கேபிளைத்தான் பார்த்தேன், திரையைப் பார்க்கலை’ன்னு சொல்லிட்டார். இப்போ இவர் நாற்காலியில அவரைத்தான் தற்காலிகமா உக்கார வச்சிருக்காங்க." அவள் டிபன் கேரியரைப் பார்த்தாள். "முன்னே ரெண்டு பேருக்குக் கட்டுவேன். இப்போ அண்ணனுக்கு மட்டும்."

அத்தையும் மாப்பிள்ளையும் போய் இறங்கிய கடைத்தெரு மேற்குப் பக்கம் உயர்ந்து, கிழக்கே மெல்லச் சரிந்தது. கண்ணுக்குத் தெரியாத சரிவு, சைக்கிள்காரருக்குத்தான் தெரியும். உயர்ந்த பக்கம் அச்சகம், அதன் முன் ஒரு மேன்ஹோல் மூடி. தாழ்ந்த பக்கம் செருப்புக் கடை, அதன் முன் இன்னொன்று. செருப்புக் கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில், தோண்டி மூடிய இடத்தில் புதுத் தார் கருகருவென்று இருந்தது.

மாப்பிள்ளைக்கு வழியிலேயே ஒரு முடிவு கிடைத்துவிட்டது. "கான்ட்ராக்டர்தான் அத்தை. ரிப்போர்ட் வந்ததும் ராத்திரியோட ராத்திரியா ஆளை விட்டுக் குழாயை மாத்திட்டான்."

"ரோட்டை உடைச்சு, குழாயை மாத்தி, தாரும் போட்டுட்டுப் போனானா? இந்தத் தெருவுல யாருமே முழிச்சுக்கலையா?"

"ஒருவேளை சத்தம் போடாம..."

"தார் உருளையைத் தூளியிலயா கட்டி இழுத்தான்?"

மாப்பிள்ளை அந்த முடிவைக் கைவிட்டார். அத்தை செருப்புக் கடை முன் குனிந்து நின்றார். மக்கள் தெருவைக் கடக்க அடித்த வெள்ளைக் கோடுகளில் ஒன்று, மேன்ஹோல் மூடியின் மேலேயும் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தது. மூடிக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் பெயின்ட் இறங்கி உறைந்து, ஒரே தோலாக மூடியிருந்தது.

"இந்தக் கோடு எப்போ அடிச்சாங்க?" என்று செருப்புக் கடைக்காரரைக் கேட்டார்.

"போன மாசம் பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி, லீவுல அடிச்சதும்மா. திறந்தா பிள்ளைங்க கூட்டம் வந்துடும்ல."

அத்தை தலையாட்டிவிட்டு மேலே நடந்தார். அச்சகத்து மூடியின் விளிம்பில் கடப்பாரை நெம்பிய கீறல்கள் பளிச்சென்று தெரிந்தன. அங்கிருந்து திரும்பிக் கீழே பார்த்தபோது, பள்ளிப் பிள்ளைகள் ஏறும் பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒரு பஸ் வந்து நின்றது. நின்றதும், ஒரு பக்கம் மட்டும் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி மாதிரி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. கிளம்பியதும் நிமிர்ந்துகொண்டது.

நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த நோட்டுப் புத்தகக் கடைக்காரர் சிவப்புக் கூம்பு ஒன்றைக் காலால் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார். ரோட்டு வேலை நடக்கும் இடத்தில் வைப்பார்களே, அது.

"இங்கே என்னங்க வேலை நடக்குது?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"ஒரு வேலையும் இல்லை சார். எவனோ விளையாடறான். தோண்டின பள்ளத்தை மூடின நாள்லேர்ந்து, தினமும் விடியறப்போ இதைக் கொண்டாந்து பஸ் நிக்கற இடத்துல வச்சுடறான். பஸ்காரர் என்னைத் திட்டறார். எடுத்துப் போட்டா மறுநாள் மறுபடி இருக்கு."

மாப்பிள்ளை கூம்பைத் தலைகீழாகத் திருப்பினார். உள்ளே மார்க்கர் பேனாவால் சின்னதாக ஓர் ஆமை வரைந்திருந்தது. "பார்த்தீங்களா அத்தை! கேமரா வேனோட கூம்பு. கான்ட்ராக்டர் திருடிட்டு..."

"விரிசலை மறைக்கறவர் அதுக்குக் காவல் கூம்பு வைப்பாரா மாப்பிள்ளை?" அத்தையின் குரலில் இப்போது கேலி இல்லை. "அதைக் குடுங்க. பஸ் நின்ன இடத்துலேயே வச்சுட்டு நீங்க பக்கத்துல நில்லுங்க. அடுத்த பஸ்ஸைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்க. திட்டினா வாங்கிக்கங்க."

அவர் போனை எடுத்துச் சாலைத் துறைப் பொறியாளரை அழைத்தார். மாப்பிள்ளை மூன்று பஸ்களிடம் திட்டு வாங்கினார். மூன்றாவது டிரைவர் அவருடைய வம்சத்தையே விசாரித்தார்.

பொறியாளர் தலைக்கவசத்தோடு வந்தார், முகத்தில் வேலை கெட்ட எரிச்சல். "உங்க பழைய ஆபீஸ்ல உங்களைப் பத்திக் கேள்விப்பட்டதாலதான் வந்தேன் மேடம். தப்பா இருந்தா நாளைக்கு எனக்கும் சேர்த்து விசாரணை" என்றார். கூடவே கான்ட்ராக்டர், கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு. கேமரா வேனை ஓட்டி வந்தது அண்ணன். கட்டையான மனிதர், கேபிள் இழுத்துக் காய்த்த கைகள். கேமராக்காரரும் மனைவியும் ஸ்கூட்டரில் வந்தார்கள். அவள் கையில் அதே கேரியர்.

அத்தை முதலில் அவளைத் தனியாக அழைத்துப்போனார். மாப்பிள்ளை கூம்புக்குப் பக்கத்திலேயே நின்றதால் அவர் காதில் விழுந்தது.

"நான் இப்போ சொல்லப்போறது உங்க வீட்டுக்குள்ளதான் வந்து விழும். உங்க வீட்டுக்காரர் தலை நிமிர்வார். இன்னொருத்தர் தலை குனிவார். சொல்லட்டுமா?"

அவள் வேன் பக்கம் பார்த்தாள். பிறகு பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள்.

"எங்க பாப்பா தினமும் இங்கேதான் பஸ் ஏறுறா" என்றாள். "சொல்லுங்க."

எல்லோரும் செருப்புக் கடை முன் கூடினார்கள். அத்தை சைகை காட்ட, மாப்பிள்ளை பஸ் நிறுத்தத்தை நோட்டுப் புத்தகக் கடைக்காரரின் காவலில் விட்டுவிட்டுக் கூம்போடு வந்தார்.

"படம் உண்மை" என்றார் அத்தை. "அதுல ஒரு ஐஸ்கிரீம் குச்சி வருது. நுனியில சிவப்புச் சாயம். ஆமை அதைத் தாண்டிப் போயிடுது. அப்புறம் விரிசலைப் பார்க்க ரொம்ப நேரம் நிக்குது. கேமரா கீழே இறங்கறப்போ, அதே குச்சி ஆமைக்கு முன்னாடி போயிட்டிருக்கு. நின்ன ஆமையைப் பின்னாலேர்ந்து வந்து முந்தியிருக்கு. தண்ணிக்கு எதிரா ஏறுற ஆமையை, தண்ணியில மிதக்கற குச்சி முந்த முடியுமா?"

"நான் மேலே பார்த்துட்டிருந்தேன்" என்றார் கேமராக்காரர் மெல்ல.

"எல்லாரும் மேலேதான் பார்த்தீங்க. விரிசல் அங்கேதானே இருக்கு. ஆனா அன்னைக்கு ஆமை தண்ணியோடவே இறங்கி வந்திருக்கு. அப்படின்னா அது உள்ளே போனது இந்த மூடி வழியா இல்லை, மேலே அச்சகத்து மூடி வழியா. முப்பது மீட்டரை அங்கேர்ந்து அளக்கணும். நீங்க இங்கேர்ந்து அளந்து தோண்டியிருக்கீங்க."

"குச்சியை வச்சு ரோட்டை உடைக்கச் சொல்றீங்களா?" என்றார் கான்ட்ராக்டர். "குச்சி என்ன, ஒண்ணு போல ஆயிரம் கிடக்கும்."

"கிடக்கும். அதனாலதான் இதையும் பாருங்க." அத்தை வெள்ளைக் கோட்டைக் காட்டினார். "இது லீவுல அடிச்ச பெயின்ட். ஆமை இறங்கின அன்னைக்கு இவங்க பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கா. அதாவது லீவு முடிஞ்ச அப்புறம். அன்னைக்கு இந்த மூடியைத் திறந்திருந்தா இடுக்குல இருக்கற பெயின்ட் உடைஞ்சிருக்கணும். எங்கேயாவது உடைஞ்சிருக்கா?"

பொறியாளர் மண்டியிட்டு விரலால் இடுக்கைத் தடவினார். நிமிர்ந்தபோது முகத்தில் எரிச்சல் போயிருந்தது. "அளக்கறப்போ இதும் மேலேதான் டேப்பை வச்சேன்" என்றார்.

"மேல் மூடியைத் திறந்தது யாருன்னு சொல்றதுக்கு முன்னாடி..." அத்தை மாப்பிள்ளையிடமிருந்து கூம்பை வாங்கி அண்ணனிடம் நீட்டினார். "இது உங்க வேனோடது. எங்கே இருக்கணுமோ அங்கே வச்சுடுங்க."

அண்ணன் கூம்பை வாங்கிக்கொண்டார். வேன் பத்தடி தூரத்தில் பின்கதவு திறந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு வேனைத் தாண்டி நடந்தார். பஸ் நிறுத்தத்துக்குப் போய், தார் லேசாகக் குழிந்திருந்த இடத்தில், யாரும் காட்டாமலேயே கூம்பை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

பொறியாளர் அச்சகத்து மூடியிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டு வந்தார். முப்பதில் அது கூம்பின் அடியைத் தொட்டது.

"மாப்பிள்ளை..." என்று கூப்பிட்டார் அண்ணன். இரண்டு பேர் திரும்பினார்கள். அவர் கூப்பிட்டது தங்கை புருஷனை.

"கீழ் மூடி மேல செருப்புக் கடை லாரி நின்னுச்சு. டிரைவர் இல்லை. விதிப்படி திரும்பிப் போயிருக்கணும். நீங்க வர்றதுக்குள்ள நானே தனியா எல்லாத்தையும் முடிச்சு வச்சிருந்தேன்னு காட்டணும்னு ஒரு இது. தண்ணியும் கம்மியா இருந்துச்சு, கலங்காதுன்னு நினைச்சேன். நீங்க வந்ததும் சொல்லலாம்னா, மறுபடி கத்துவீங்களேன்னு இருந்துச்சு. தோண்டி ஒண்ணும் இல்லைன்னதும்தான் என்ன ஆச்சுன்னே புரிஞ்சுது. அதுக்குள்ள உங்களை வீட்டுல உக்கார வச்சுட்டாங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"உங்களை என் நாற்காலியில உக்கார வச்சுட்டாங்க" என்றார் கேமராக்காரர்.

"ஆமா. அதுவும்தான்."

மாப்பிள்ளை தார்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை வருவதற்குள் ஒரு வேலையைத் தனியாக முடித்து வைத்து, அவர் முகம் மாறுகிறதா என்று பார்க்கும் ஆசை அவருக்குத் தெரியாததா என்ன? காலையில் மின்விசிறியை யாரும் துடைக்கச் சொல்லவில்லை.

"கூம்பு வச்சீங்களே" என்றாள் தங்கை. எல்லோர் முன்னாலும் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "கூம்பை எடுத்துப் போட்டுட்டு அதும் மேல பஸ் நின்னுச்சு அண்ணா. அதுலதான் பாப்பா ஏறினா. உங்களுக்கே தெரியும்."

அண்ணன் குனிந்து, நேராகவே நின்ற கூம்பை மறுபடி நேராக்கினார்.

பொறியாளர் நிறுத்தத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். செருப்புக் கடை மூடியைக் கடப்பாரையால் நெம்பியபோது வெள்ளைப் பெயின்ட் படபடவென்று உடைந்து தெறித்தது. கேமராக்காரர் வேனுக்குள் ஏறி, தன் நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்புத் துணியை இழுக்காமல் விட்டார். எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டாரோ என்னவோ. அண்ணன் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கேபிளைக் கையில் எடுத்தார்.

ஆமை இந்த முறை தண்ணீருக்கு எதிராக ஏறியது. தோண்டி மூடிய இடம் வந்தது. குழாய் சுத்தமாக இருந்தது. கான்ட்ராக்டர் தொண்டையைச் செருமினார். ஆமை போய்க்கொண்டே இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு அடியில் கேமரா தலையை நிமிர்த்தியது.

விரிசல் இப்போது விரிசலாக இல்லை. கூரையில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்திருந்தது. அதற்கு மேலே மண் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. அந்த இருட்டின் உச்சியில், ஆமையின் விளக்கில், தாரின் அடிப்பக்கம் ஈரமாகப் பளபளத்தது.

கான்ட்ராக்டர் நெற்றியில் இருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

"வாங்குங்க" என்றார் பொறியாளர். "அதுக்கப்புறம், புதுக் குழாய் எப்படி உடைஞ்சதுன்னு நாம ரெண்டு பேரும் பேசுவோம். உதவியாள் விஷயத்தையும் நாளைக்கே பேசிடுவோம்."

மதியம் தாண்டியிருந்தது. கேமராக்காரரின் மனைவி வேன் படியில் உட்கார்ந்து கேரியரைப் பிரித்தாள். மேல் அடுக்கைக் கணவரிடம் கொடுத்தாள். கீழ் அடுக்கையும் அவரிடமே கொடுத்தாள்.

"இது அவருக்கு. குடுத்துட்டுச் சொல்லிடுங்க. சாப்பாடு தினமும் வரும். நான் பேசறதுக்குத்தான் நாளாகும்."

கேமராக்காரர் அடுக்கோடு நடந்து போனார். கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்த அண்ணனுக்கு முன்னால் அதை நீட்டினார். "உங்க தங்கச்சிக்கு உங்க மேல கோபமே இல்லை மச்சான்" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் விக்கல் வந்துவிட்டது.